இலை உதிராத இலையுதிர்காலம்

ஐப்பசி மழை விட்டதும் பெங்களூரின் மொட்டை மாடிகளிலும் ஜன்னல் விளிம்புகளிலும் கொத்துமல்லியும் கற்பூரவல்லியும் தலைதூக்குகின்றன. சுருங்கிப்போன தோட்ட நகரத்தில் மிஞ்சியிருக்கும் பாத்திகள் இவைதான்.

பள்ளிப் பாடப் புத்தகங்கள் வழியே தமிழுக்கு வந்து சேர்ந்த 'இலையுதிர்காலம்' என்ற சொல், பெங்களூர் எல்லைக்குள் நுழைந்ததும் திருதிருவென்று விழிக்கிறது. அக்டோபரில் இங்கே உதிர்வதற்கு இலை எதுவும் தயாராக இல்லை. சாலை மரங்களில் பல மொட்டையாவது தை, மாசியில்தான். ஐப்பசியில் நடப்பது இதற்கு நேர் எதிர். கோடையில் சுருண்டு கிடந்த புதினா தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிகிறது. ஈர மண்ணைக் கீறிக்கொண்டு வெந்தயம் முளைக்கிறது. துளசி புதுத் தளிர் விடுகிறது. உதிர்வது என்று பார்த்தால், நவம்பர் காலைகளில் நடைபாதைகளை வெள்ளையாக்கும் மரமல்லிப் பூக்கள் மட்டும்தான்.

பழந்தமிழ் இலக்கணம் இந்தப் பருவத்துக்கு வைத்த பெயர்கள் பெங்களூருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகின்றன. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் இந்த நகரத்தில் மழை அதிகம் பெய்வது செப்டம்பரிலும் அக்டோபரிலும். தென்மேற்குப் பருவமழை விடைபெறும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் எட்டிப்பார்க்கிறது. வானம் வெளுக்கும் நவம்பரில் பகல் வெப்பம் 27 டிகிரி அளவிலும் இரவு 17 டிகிரி அளவிலும் நிற்கும். வாசனை இலைகளுக்கு இது வாகான காலம். வெயில் ஏறினால் கொத்துமல்லி இலையை மறந்துவிட்டு அவசரமாகப் பூக்கத் தொடங்கிவிடும். கூதிர் காலத்தில் அதற்கு அந்த அவசரம் இல்லை. நாற்பது நாளைக்கு மேலும் நிதானமாக இலை விடுகிறது.

இந்த இலைகளை ரசிப்பதற்கு லால்பாக் வரை போக வேண்டியதில்லை. சமையலறையிலிருந்து பத்தடி நடந்தால் போதும். அந்தப் பத்தடி தூரத்தைத் தக்கவைத்துக்கொள்வதுதான் இன்று பெங்களூர்வாசிகளுக்குப் பெரிய சவாலாகிவிட்டது.

ராஜாக்களின் தோட்டமும் திகளர்களின் பாத்தியும்

தோட்ட நகரம் என்ற பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது லால்பாக். ஹைதர் அலி 1760இல் தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய அந்தத் தோட்டம் இன்று 240 ஏக்கர். 1889இல் எழுந்த அதன் கண்ணாடி மாளிகையில் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிகளுக்குக் கூட்டம் அலைமோதும். ஆனால் லால்பாக் பூவோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் இன்றும் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று அழைக்கப்படும் சௌசௌ, 1874 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன் கொண்டுவந்து பரப்பியது. ஒரு தாவரவியல் பூங்கா தென்னிந்தியர்களின் கூட்டிலும் குழம்பிலும் கலந்துவிட்ட கதை அது.

மண்வெட்டி பிடித்தவர்களின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெங்களூரின் பாரம்பரியத் தோட்டக்காரர்கள் தமிழ் வேர்கள் கொண்ட திகளர் சமூகத்தினர். லால்பாகை உருவாக்க ஹைதர் அலி இவர்களை வரவழைத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. நகரத்தின் ஏரிக்கரைகளில் கீரையும் காய்கறியும் பூவும் பயிரிட்டு அங்காடிகளை நிரப்பியவர்கள் இவர்கள். பேட்டைக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் நடுவே இருந்த சம்பங்கி ஏரியைச் சுற்றிலும் இவர்களது பாத்திகள் இருந்தன. ஏரி வறண்டது, அதன் மீது கன்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. இன்று ஒரு சின்னக் குளம் மட்டும் மிச்சம். ஆண்டுதோறும் சித்திரையை ஒட்டி வரும் கரக விழாவின்போது திகளர்கள் அந்தக் குளத்தைத் தேடி வந்து சடங்கு செய்கிறார்கள். பாத்திகள் போய்விட்டாலும் அவற்றுக்கு நீர் வார்த்த ஏரியின் நினைவு போகவில்லை.

ஏரிக்கரைக்கு நேர்ந்தது வீட்டுக் கொல்லைகளுக்கும் நேர்ந்தது. மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் ஜெயநகரிலும் மாமரமும் கறிவேப்பிலையும் துளசி மாடமும் இருந்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக மாறின. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா தலைமையிலான ஆய்வுக் குழு, 1973க்குப் பிந்தைய நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நகரத்தின் கட்டடப் பரப்பு சுமார் 1,000 சதவீதம் பெருகி, பசுமைப் பரப்பு 88 சதவீதம் சுருங்கிவிட்டதாகக் கணக்கிட்டிருக்கிறது. தோட்டம் தரையிலிருந்து விரட்டப்பட்டு மொட்டை மாடிக்கு ஏறியது இப்படித்தான்.

மாடிக்கு ஏறிய மண்

மாடியில் பயிர் செய்வதை ஓர் இயக்கமாக்கிய பெருமை பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் பி.என். விஸ்வநாத்துக்கு உரியது. பூச்சியியல் வல்லுநரான அவர், பூச்சிமருந்து இல்லாமல் மாடியில் காய்கறி வளர்ப்பது எப்படி என்று நகரவாசிகளுக்குப் பயிலரங்குகள் நடத்தினார். இந்த முயற்சியின் தொடர்ச்சியாக உருவான கார்டன் சிட்டி ஃபார்மர்ஸ் அமைப்பினர் 2011 முதல் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்ற சந்தையை நடத்தத் தொடங்கினார்கள். பெயரில் கன்னடமும் ஆங்கிலமும் பாதிப் பாதி. பொருள், உங்கள் தோட்டத்திலிருந்தே சாப்பாடு. விதை, நாற்று, மண்புழு உரம், அனுபவம் எல்லாம் அங்கே கைமாறின.

நகரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் மாடிவாசிகளை மறக்கவில்லை. குறைந்த இடத்தில் அடுக்கடுக்காகச் செடி வளர்க்கும் செங்குத்துத் தோட்ட அமைப்பை அது வடிவமைத்திருக்கிறது. அங்கே உருவான 'அர்கா இஷா' என்ற கொத்துமல்லி ரகம் வேரோடு பிடுங்காமல் பல முறை அறுத்துக்கொள்ளத் தக்கது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு தொட்டி இருந்தால் ரசத்துக்குத் தட்டுப்பாடு வராது.

மூலிகைகளின் பக்கம் நகரத்தின் கவனத்தைத் திருப்பியதில், 1993இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட உள்ளூர் மருத்துவ மரபு மீட்பு அறக்கட்டளைக்குப் பெரும் பங்கு உண்டு. தலைவலிக்கும் சளிக்கும் அஜீரணத்துக்கும் முதல் உதவியாக வீட்டிலேயே கைகொடுக்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டு மூலிகைத் தோட்டத் திட்டத்தை அது தென் மாநிலங்களில் பரப்பியது.

மாடித் தோட்டம் என்றதும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பது தவறு. திவ்யா கோபாலும் ஹரிணி நாகேந்திராவும் பெங்களூரின் 44 குடிசைப் பகுதிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு சித்திரத்தைக் காட்டுகிறது. கால் நீட்டவும் இடமில்லாத அங்கே மக்கள் பழைய பெயின்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் பிளாஸ்டிக் பையிலும் உடைந்த சமையல் பாத்திரத்திலும் செடி வளர்க்கிறார்கள். நாளைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம் என்ற பயத்தோடு வாழ்பவர்கள், தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டத்தை உருவாக்கியிருக்கிறார்கள். துளசிக்கும் ஓமவல்லிக்கும் பீங்கான் தொட்டியும் பெயின்ட் டப்பாவும் ஒன்றுதான்.

பறித்த இலைக்கும் வாங்கிய இலைக்கும்

கடையில் கட்டுக் கட்டாகக் கீரை கிடைக்கும்போது எதற்காக இந்தப் பாடு? முதல் காரணம் வாசனை. புதினா, துளசி, கற்பூரவல்லி போன்றவற்றின் மணம் இலையின் மேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாகத் தங்கியிருக்கிறது. விரல் பட்டாலே சுரப்பி உடைந்து மணம் காற்றில் கலந்துவிடும். அறுத்து, மூட்டை கட்டி, வண்டியேறி, தள்ளுவண்டியில் வெயில் காய்ந்து வரும் இலையில் மிச்சம் இருப்பது பாதி மணம்தான். கிள்ளிய கையோடு வாணலியில் போடுவதன் சுகத்தை எந்தக் குளிர்பெட்டியும் தராது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. பெல்லந்தூர் ஏரி நீர் பாயும் மண்ணிலும் அதில் விளையும் பயிர்களிலும் கன உலோகங்கள் சேர்ந்திருப்பதை 'கரன்ட் சயின்ஸ்' இதழில் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கறிவேப்பிலையின் கதையும் சுவாரஸ்யமானது அல்ல. அதில் பூச்சிமருந்து எச்சம் மிகுந்திருந்ததால் இந்தியக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைகளை விதித்தது. தாளிப்பில் தினமும் விழும் இலை அது. ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால், அதற்கு வரும் பெரிய தொல்லை பச்சை நிறப் புழுக்கள்தான். அவை கருநிற அழகிகளான வண்ணத்துப்பூச்சிகளின் குழந்தைகள். கையால் எடுத்து விட்டுவிடலாம். மழைக்கால இரவுகளில் தரைத் தோட்டங்களை மேயும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளுக்கும் இதே வைத்தியம்தான்: டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பது. வெறுங்கையால் தொடாமல் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

அம்மிக்கு வரும் இலைகள்

பெங்களூர்ச் சமையலறைகளில் கூதிர் காலத்தின் நாயகன் கற்பூரவல்லி. கன்னடத்தில் தொட்டபத்ரெ. தடித்த, மயிரடர்ந்த இலை. ஓமத்தின் மணம் வருவதால் ஓமவல்லி என்றும் பெயர். அந்த மணத்துக்குக் காரணமான தைமால், கார்வக்ரால் ஆகிய எண்ணெய்ப் பொருள்கள்தான் இத்தாலியர்களின் ஆரிகானோவிலும் இருக்கின்றன. பீட்சாவின் மேல் தூவச் சிறு பொட்டலத்தில் வரும் காய்ந்த தூளின் நெருங்கிய உறவினர் பால்கனியிலேயே பச்சையாக நிற்பது பலருக்குத் தெரிவதில்லை.

தமிழ் வீடுகளில் கற்பூரவல்லி என்றால் பஜ்ஜி அல்லது கஷாயம். கன்னட வீடுகளில் தம்புளி. மலைநாட்டிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் பெங்களூருக்கு வந்து சேர்ந்த பண்டம் இது. பத்துப் பதினைந்து இலைகளை ஒரு கரண்டி நெய்யில் சீரகம், நான்கைந்து மிளகு, ஒரு பச்சை மிளகாயோடு சுருள வதக்க வேண்டும். ஆறியதும் இரண்டு கை தேங்காய்த் துருவல் சேர்த்து நைசாக அரைத்து, புளிக்காத மோரில் கலந்து, உப்புப் போட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. அடுப்பில் வைத்துக் கொதிக்க விடக் கூடாது. சாப்பாட்டின் முதல் கவளம் சோற்றை இதோடு பிசைவது வழக்கம். தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியலுக்குப் பின் தமிழ் வீடுகளில் உள்ளங்கையில் வைக்கப்படும் லேகிய உருண்டையின் நோக்கமும் இதுதான்: குளிரில் மந்தமாகும் வயிற்றை எழுப்பிவிடுவது.

இதே தம்புளியை வல்லாரையிலும் செய்யலாம். நிழலும் ஈரமும் இருந்தால் தரையோடு படரும் செடி அது. கன்னடத்தில் ஒந்தெலக என்று பெயர். வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பிரமி என்று கேட்டால் சில நர்சரிகளில் வல்லாரையைத் தருவார்கள். சில இடங்களில் சிறு இலை கொண்ட நீர்ப்பிரமியை நீட்டுவார்கள். இரண்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. வட்டமாக, ஓரத்தில் பல் வெட்டி, காம்பருகே பிளந்து தவளைப் பாதம் போல இருப்பது வல்லாரை.

சோயிக்கீரை என்று தமிழர்கள் சொல்லும் சதகுப்பை இலைக்குக் கர்நாடகத்தில் சப்பசிகெ என்று பெயர். சென்னைக்காரர்கள் அதன் வாசனைக்கு மூக்கைச் சுளிப்பதுண்டு; பெங்களூரில் நான்கு ஆண்டு குடியிருந்தால் அது இல்லாமல் அக்கி ரொட்டி தொண்டையில் இறங்காது. இரண்டு கிண்ணம் அரிசி மாவுக்கு ஒரு கிண்ணம் நறுக்கிய சோயிக்கீரை, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல், சீரகம், உப்பு. வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, ஆறிய கல்லில் எண்ணெய் தடவி, கையாலேயே மெல்லிதாகத் தட்டி, நடுவில் துளைகள் போட்டு, மூடி வேக விட வேண்டும். அடுத்த ரொட்டிக்கு முன் கல்லைக் குளிர வைக்காவிட்டால் விரல் சுடும். மார்கழி நெருங்கும்போது சந்தைக்கு வரும் அவரைக்கொட்டையையும் மாவில் சேர்த்துவிட்டால், அது பெங்களூரின் பனிக்காலப் பண்டிகை.

திருநீற்றுப்பச்சிலையின் மறுபிறவி இன்னொரு வேடிக்கை. ஊர்ப்புறத்தில் பூஜைக்கும் மாலைக்கும் பயன்பட்ட அந்தச் செடியும், கணிப்பொறித் துறையினர் கடல் கடந்து போய்ச் சுவை கண்டு வந்த பேசிலும் ஒரே இனம், ரகம்தான் வேறு. இத்தாலிய விதையைத் தேடி அலைபவர்களுக்கு அதன் உள்ளூர்ச் சகோதரியை அறிமுகப்படுத்துவோர் குறைவு. காட்டமான மணமுள்ள அந்த இலையில் நாலைந்தைக் கிள்ளித் தக்காளித் தொக்கில் கடைசியில் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

பிரண்டையும் தூதுவளையும் தமிழ் வீடுகளின் அடையாளம். பிரண்டையை அப்படியே அரைத்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் எடுத்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத்தான் துவையல் அரைக்க வேண்டும். தூதுவளையில் முள்ளை ஆய்ந்துவிட்டு நெய்யில் வதக்கி ரசத்தில் போடுவார்கள். இவையெல்லாம் உணவு, மருத்துவருக்கு மாற்று அல்ல. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் அளவோடு இருப்பது உத்தமம்.

தொட்டிக்கு ஒரு குவளை

இந்தச் சின்னத் தோட்டத்துக்கும் சோதனை வந்தது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு நகரம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, குடிநீர் வாரியம் காரைக் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் செடிக்கா, மனிதருக்கா என்ற கேள்வி எழுந்தால் பதில் தெரிந்ததுதான். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரும் என்று அறிவிக்கப்பட்டது. என்றாலும் பெங்களூர்வாசிகள் அந்தக் கோடையை மறக்கவில்லை.

பாடம் கற்றவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். அரிசி கழுவிய நீர், காய்கறி அலம்பிய நீர் இவையே ஏழெட்டுத் தொட்டிகளுக்குப் போதும். சோப்பு கலக்காதிருந்தால் சரி. பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு 2009 முதல் சட்டப்படி கட்டாயம். ஐப்பசி மழையைத் தொட்டியில் பிடித்து வைத்தால் தை வரை செடிக்கு உதவும். மண்ணின் மேல் காய்ந்த சருகைப் போர்த்தினால் ஈரம் நிற்கும்.

உரத்துக்கும் வெளியே போக வேண்டியதில்லை. பெங்களூரின் குப்பையைச் சுமந்து அலுத்துப்போன மாவள்ளிபுரா, மண்டூர் கிராமத்தினர் போராடியதில் அந்தக் கிடங்குகள் 2012க்கும் 2014க்கும் இடையில் மூடப்பட்டன. குப்பையைப் பிரித்துத் தருவது கட்டாயமானது. 2006இல் தொடங்கப்பட்ட டெய்லி டம்ப் நிறுவனத்தின் அடுக்கு மண்பானைகள் பல வீடுகளின் பால்கனியில் இடம்பிடித்தன. காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மாறி மாறிப் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கரிய உரம் கிடைக்கும். யாரோ ஒரு கிராமத்தின் காற்றைக் கெடுத்திருக்க வேண்டியது மறுபடி ரசத்தில் கொத்துமல்லியாக மிதக்கிறது.

நீரும் உரமும் முயன்றால் கிடைத்துவிடும். வேகமாக வற்றிக்கொண்டிருப்பது இன்னொன்று: எந்த இலையை எந்தப் பருவத்தில் எப்படிச் சமைப்பது என்ற கைப்பழக்கம். தொட்டியில் தூதுவளை செழித்திருந்தும், முள்ளைப் பார்த்துப் பயந்து அழகுச்செடியாக விட்டுவைத்திருக்கும் வீடுகள் உண்டு. செடியை நர்சரியில் வாங்கலாம். லால்பாக் வளாகத்திலேயே நர்சரிக்காரர்களின் கூட்டுறவு விற்பனை நிலையம் இருக்கிறது. பிரண்டையின் நாரை எப்படி எடுப்பது என்று அங்கே யாரும் சொல்லித்தரப்போவதில்லை. மாமியாரோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ சொன்னால்தான் உண்டு. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

செடிகளே இதற்கு வழி வைத்திருக்கின்றன. கற்பூரவல்லி, புதினா, பிரண்டை, வல்லாரை எதற்கும் விதை தேவையில்லை. ஒரு கணு ஒடித்துத் தந்தால் போதும். கார்த்திகை வளர்பிறைத் துவாதசியில் கன்னட வீடுகள் துளசி மாடத்தில் நெல்லிக் கிளையை நட்டு விளக்கேற்றித் துளசி கல்யாணம் நடத்தும்போது, அக்கம்பக்கத்தார் ஒருவர் வாசலுக்கு ஒருவர் வருகிறார்கள். துளசிக்கு அடுத்த தொட்டியில் நிற்பது என்ன, அதை எதற்குப் போடுவீர்கள் என்று விசாரிக்க அதைவிட நல்ல நாள் இல்லை. கேட்டு வாங்கிய கற்பூரவல்லிக் குச்சியை ஈர மண்ணில் ஊன்றி நான்கு நாள் நிழலில் வைத்தால் வேர் பிடித்துவிடும். மார்கழிக் குளிர் இறங்குவதற்குள் முதல் தம்புளிக்கு இலை கிள்ளலாம்.